பாலக்கரையில் நின்றுபோன பாட்டு

லப்பைக்குடிக்காடு
7 ஜூலை 2024

நந்தினி மகாராணிக்கு,

ஃபர்ஹா எழுதுவது. ஞாபகம் இருக்கிறதா? ஒன்றாம் வகுப்பிலிருந்து பத்தாம் வகுப்பு வரை உன் பக்கத்தில் உட்கார்ந்தவள். என் டிபன் பாக்ஸில் பாதியைத் தின்று வளர்ந்தவள் நீ. உங்கள் அப்பாவுக்குத் தா.பழூருக்கு மாற்றல் வந்ததையும், உன்னைக் குரும்பலூர்ப் பக்கம் ஏதோ ஹாஸ்டல் பள்ளியில் சேர்த்ததையும் எனக்கு யார் சொன்னார்கள் தெரியுமா? பால்காரர் ராசாங்கம். பால் ஊற்றிக்கொண்டே சொன்னார். பால்காரருக்குத் தெரிந்தது எனக்குத் தெரியவில்லை. நல்லா இருடீ.

உனக்கு எழுதவே கூடாது என்றுதான் இருந்தேன். ஆனால் ஒரு விஷயம் நடந்துவிட்டது. அதை உன்னிடம் சொல்லாவிட்டால் எனக்கு நெஞ்சு வெடித்துவிடும். உங்கள் அம்மாவுக்குப் போன் போட்டு விலாசம் வாங்கினேன். அங்கே போன் கிடையாதாம், கடிதம்தானாம், அதையும் வார்டன் தனம் மேடம் படித்துவிட்டுத்தான் தருவார்களாம். (மேடம், வணக்கம். நான் நல்ல பொண்ணு.)

விஷயம் இதுதான். எங்கள் அத்தா ஷார்ஜா ஹோட்டல் வேலையை முடித்துக்கொண்டு ஊரோடு வந்துவிட்டார். வந்ததும் லைசென்ஸ் எடுத்து, பாண்டிச்சேரியில் யாரோ வெளிநாட்டுக்காரர் விட்டுப்போன பழைய வெள்ளைக் கார் ஒன்றை வாங்கிவந்தார். அதிலுள்ள பிளேயருக்குள் ஒரு சிடி மாட்டிக்கொண்டிருக்கிறது. வெளியே வராது. பட்டன் எல்லாம் உதிர்ந்துபோச்சு, சத்தத்தைக் குறைக்கிற திருகும் இல்லை. சாவியைத் திருகினால் முதல் பாட்டிலிருந்து ஆரம்பித்துவிடும்.

முதல் நாள் அத்தா பிஸ்மில்லாஹ் சொல்லிச் சாவியைத் திருகினார். டமார் என்று ஒரு சத்தம். அம்மா, "யா அல்லாஹ், டயர் வெடிச்சிருச்சு!" என்று கதவைத் திறந்து இறங்கியே விட்டாள். டயர் இல்லைடீ, டிரம்ஸ். அப்புறம் கிடார். அப்புறம் ஒரு பெண் குரல். என்ன பாஷையோ, இங்கிலீஷ் இல்லை. எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது.

மெக்கானிக் பஞ்சநாதனிடம் காட்டினோம். "பாய், இந்த ஒயரைப் புடுங்கினா பாட்டு நிக்கும். ஆனா ஹாரனும் நின்னுடும். ரெண்டையும் ஒண்ணா முறுக்கி வச்சிருக்கான். எது வேணும் சொல்லுங்க" என்றார். உனக்கு எங்கள் அத்தா ஓட்டும் அழகு தெரியாது. கோழிக்கு ஹாரன், கோழி போன பிறகும் ஹாரன். "ஹாரன் இல்லாம எப்படிப்பா ஓட்டுறது?" என்றார். அதனால் பாட்டும் தங்கிவிட்டது.

இதற்குப் பெயர் ராக் இசை என்று என் அண்ணன் அம்மார் சொன்னான். பாட்டைக் கேட்டுப் பேர் சொல்லும் ஆப்பில் போட்டுப் பார்த்தேன். ஒன்றும் தெரியவில்லை என்று அது கையை விரித்துவிட்டது. உலகத்தில் யாருக்கும் தெரியாத ஆல்பம், இந்த லப்பைக்குடிக்காட்டில் எனக்குக் கிடைத்திருக்கிறது. நீ இங்கே இருந்திருந்தால் உனக்கும் கிடைத்திருக்கும். நன்றாக வேண்டும் உனக்கு.

ஃபர்ஹா


குரும்பலூர்
21 ஜூலை 2024

ஃபர்ஹா,

உன் கடிதத்தை நான்கு தடவை படித்தேன். ஐந்தாவது தடவை பக்கத்துக் கட்டில் லாவண்யா பிடுங்கிப் படித்தாள். அவள் வேப்பந்தட்டைக்காரி. "உன் ஃப்ரெண்டு செம வாய்டீ" என்கிறாள்.

சொல்லாமல் வந்ததற்குக் காரணம் கேட்கிறாய். சொன்னால் நீ அழுவாய். நீ அழுதால் நான் வந்திருக்க மாட்டேன். வேறு காரணம் இல்லை. திட்டு, வாங்கிக்கொள்கிறேன்.

இங்கே எல்லாவற்றுக்கும் மணி. எழ மணி, குளிக்க மணி, படிக்க மணி. சாப்பிடும்போது பேசக் கூடாது. வராண்டாவில் ஓடக் கூடாது. ரேடியோகூட இல்லை. நான் வந்து இத்தனை நாளில் கேட்ட ஒரே பாட்டு, காலையில் பிரேயரில் பாடுவதுதான். ஞாயிற்றுக்கிழமை துணி துவைக்கும்போது மட்டும் யாரும் எங்களை ஒன்றும் சொல்வதில்லை. பின்பக்கம் தொட்டியைச் சுற்றிக் கல் போட்டிருக்கிறார்கள். எங்கள் அறையில் நாற்பது பேர். நாற்பது பேரும் ஒரே நேரத்தில் துணியை அடித்தால் எவ்வளவு சத்தம் வரும், நினைத்துப் பார். அந்தச் சத்தத்துக்காகவே ஞாயிறு எப்போது வரும் என்று இருப்பேன்.

நீ அந்த ஆல்பத்தை எனக்கு எழுதி அனுப்பு. பாஷை புரியாது என்றால் பரவாயில்லை. எப்படி ஆரம்பிக்கிறது, எங்கே ஏறுகிறது, எங்கே இறங்குகிறது, எல்லாம் எழுது. டிரம்ஸ் என்ன சொல்கிறது என்று அப்படியே எழுது. நீ வகுப்பில் டெஸ்க்கைத் தட்டியே அடி வாங்கியவள்தானே. உன்னால் முடியும்.

நந்தினி


லப்பைக்குடிக்காடு
11 ஆகஸ்ட் 2024

அடியே,

பாட்டை எழுதுவதா என்று முதலில் சிரித்தேன். பிறகு பெரம்பலூர் போகும்போது ஒரு நோட்டோடு காரில் ஏறினேன். அம்மா, "பரீட்சைக்குப் படிக்கிறா, மாஷா அல்லாஹ்" என்று அத்தாவிடம் சொல்லிக்கொண்டு வந்தாள்.

மொத்தம் ஒன்பது பாட்டு. நாங்கள் வீட்டில் சாவியைத் திருகும்போது ஆரம்பிக்கிறதால், எந்தப் பாட்டு எந்த ஊரில் வரும் என்பது எனக்கு மனப்பாடம். பேர் தெரியாததால் ஊர்ப் பேரையே வைத்துவிட்டேன். முதல் பாட்டு லப்பைக்குடிக்காடு. இரண்டாவது அகரம்சீகூர். நடுவில் குன்னம், பேரளி எல்லாம் வரும். கடைசிப் பாட்டு பெரம்பலூர் பாலக்கரை.

லப்பைக்குடிக்காடு: எடுத்தவுடன் டிரம்ஸ். டும்... டும் டக்... டும் டும் டக் டக். இதே நான்கு தடவை. ஐந்தாவது தடவை கிடார் உள்ளே வருகிறது. தறி ஓடுகிற மாதிரி விடாமல் ஒரே இழுப்பு. அதற்கு மேல் அந்த அக்கா பாடுகிறாள். யாரோ அவளை உள்ளே வைத்துக் கதவைப் பூட்டிவிட்டார்கள், அவள் கெஞ்சவில்லை, கதவைத் திறடா என்று சண்டை போடுகிறாள். அப்படித்தான் எனக்குக் கேட்கிறது.

அகரம்சீகூர்: இது நடை வேகம். டும் டும் டக் என்று வந்து, திடீரென்று எல்லாம் நின்றுபோகும். ஒரு மூச்சு விடுகிற நேரம் சத்தமே இருக்காது. அப்புறம் பாஆஆம் என்று ஒரு சத்தம். உடனே எல்லாம் சேர்ந்து திரும்ப அடிக்கும். அந்த இடத்தில் எனக்கு அழுகை வரும், சிரிப்பும் வரும்.

மிச்சத்தை அடுத்த கடிதத்தில். கை வலிக்கிறது. நான் எவ்வளவு பெரிய ஆள் பார்த்தாயா? ஒரு ஆல்பத்தையே கவருக்குள் போட்டு அனுப்புகிறேன்.

ஃபர்ஹா


குரும்பலூர்
15 செப்டம்பர் 2024

ஃபர்ஹா, கேள்.

போன மாதம் உன் கடிதத்தைத் துவைக்கும் இடத்துக்கு எடுத்துப்போனேன். டும் டும் டக் டக் என்று எழுதியிருந்தாயே, அதைத் துணியில் அடித்துப் பார்த்தேன். டும் என்றால் கல்லில் ஈரப் போர்வை. டக் என்றால் கவிழ்த்த வாளி. லாவண்யா சேர்ந்தாள். அப்புறம் அந்தப் பக்கத்து ஐந்தாறு பேர். போன ஞாயிறு நாற்பது பேரும்! நாற்பது போர்வை ஒரே நேரத்தில் கல்லில் விழுவதைக் கேட்டிருக்கிறாயா? காக்கை எல்லாம் பறந்துபோச்சு.

பாடுவதற்கு வார்த்தை வேண்டுமே. அந்த அக்காவின் வார்த்தை எனக்குத் தெரியாது. அதனால் நான் எழுதினேன்.

மணி அடிச்சா எழுந்திரு,
மணி அடிச்சா உக்காரு,
மணி அடிச்சா தூங்குடி,
எம் மனசுக்கு மணி யாருடி?

இதைப் பாடும்போது தனம் மேடம் வந்துவிட்டார்கள். எல்லோரும் கப்சிப். மேடம் என்னையே பார்த்தார்கள். அப்புறம், "ஏம்மா, அந்தப் புள்ள குன்னம் பாட்டை இன்னும் எழுதலையா?" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டார்கள். உன் கடிதத்தை எனக்கு முன்னால் படிப்பவர்கள் அவர்கள்தானே!

இரண்டாவது பாட்டின் பாஆஆம் மட்டும் லாவண்யாவுக்கு. அவள் குரல் கனம். சளி பிடித்தால் இன்னும் நன்றாக வருகிறது. அந்த வேலையை வேறு யாருக்கும் விட்டுக்கொடுக்க மாட்டேன் என்கிறாள்.

இங்கே வந்து முதல்முறையாக எனக்கு இந்த ஊர் பிடித்திருக்கிறது.

நந்தினி


லப்பைக்குடிக்காடு
13 அக்டோபர் 2024

நந்தினி,

முதலில் ஒன்று. அடி பைத்தியமே, அந்தப் பாஆஆம் பாட்டில் இல்லை. அது எங்கள் அத்தா! அகரம்சீகூர் திருப்பத்தில் சுண்ணாம்புக்கல் லாரி வரும் என்று ஒவ்வொரு தடவையும் அதே இடத்தில் ஹாரன் அடிப்பார். பாட்டும் அதே இடத்தில் நிற்கும். கேட்டுக் கேட்டு எனக்கு அது பாட்டோடு ஒட்டிக்கொண்டுவிட்டது. எழுதும்போது நானும் சேர்த்து எழுதிவிட்டேன். லாவண்யாவிடம் மன்னிப்புக் கேட்டதாகச் சொல். ஹாரனை எடுத்துவிடுங்கள்.

இரண்டாவது. வார்த்தையை மாற்றினாயே, என்னைக் கேட்டாயா? அந்த அக்கா மணியைப் பற்றியா பாடினாள்? கண்டுபிடித்தது நான். உனக்கு எழுதியது நான். நீ பாட்டுக்கு உன் இஷ்டத்துக்கு எழுதிக்கொள்வாயா? படித்ததும் கோபம் வந்தது. இரண்டு நாள் கழித்து, குளிக்கும்போது "எம் மனசுக்கு மணி யாருடி" என்று என் வாயே பாடியது. அது வேறு கோபம்.

நடுவில் வரும் குன்னம், பேரளி எல்லாவற்றையும் தனித் தாளில் எழுதிக் கூடவே வைத்திருக்கிறேன். கடைசிப் பாட்டை மட்டும் இங்கே சொல்கிறேன், பாலக்கரை. இதுதான் எல்லாவற்றிலும் பெரிசு. முதலில் அந்த அக்காவின் குரல் மட்டும், கூட ஒன்றுமே இல்லாமல். மாடியிலிருந்து தெருவில் யாரையோ கூப்பிடுகிற மாதிரி. மூன்றாவது தடவை கூப்பிடும்போது டிரம்ஸ் மெதுவாக வருகிறது. ஊருக்குள் நுழைய நுழைய ஒவ்வொன்றாகச் சேரும். ஏறும், ஏறும், ஏறிக்கொண்டே போகும். இதோ ஏதோ வரப்போகிறது என்று நான் சீட்டு நுனிக்கு வந்துவிடுவேன். அப்போது பாலக்கரை வந்துவிடும். அத்தா ஓரமாக நிறுத்திச் சாவியைத் திருகிவிடுவார். அவ்வளவுதான். வாயில் வைத்த லட்டைப் பிடுங்கின மாதிரி இருக்கும்.

திரும்பச் சாவி போட்டால் முதல் பாட்டு. அந்தப் பாட்டின் முடிவை நான் கேட்டதே இல்லைடீ. ஒரு நாள் வாசலில் நிறுத்திய காரில் உட்கார்ந்து சாவியைப் போட்டேன். ஆறாவது பாட்டில் பேட்டரி செத்துப்போச்சு. அதிலிருந்து சாவி அத்தாவின் சட்டைப்பையில்தான். திருச்சிக்குப் போங்கள் என்றால், "ஹைவேயா? பஸ்ஸு இருக்குல்ல" என்கிறார்.

நான் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டேன். பாலக்கரையைத் தாண்டி குரும்பலூர் வரை, உன் ஹாஸ்டல் வரை கார் வந்தால்தான் அந்தப் பாட்டு முடியும். ஆனால் பெற்றவர்களைத் தவிர யாரையும் உள்ளே விடமாட்டார்களாமே. (தனம் மேடம், கேட்டுக்கொள்ளுங்கள்.)

அரையாண்டு லீவுக்கு நீ தா.பழூர் போவாய் அல்லவா? எங்கள் கார் ஓடும்போதே போனில் பதிவு செய்து உங்கள் அம்மா நம்பருக்கு அனுப்புகிறேன். எட்டரைப் பாட்டு. அதைக் கேட்டுவிட்டுச் சொல், நான் எழுதியது எவ்வளவு சரி என்று.

ஃபர்ஹா


குரும்பலூர்
17 நவம்பர் 2024

அருமை ஃபர்ஹா,

ஹாரனை எடுக்க மாட்டோம். சொன்னவுடன் லாவண்யா அழுதுவிட்டாள். "பாய் அடிச்சா பாட்டு இல்லையா? நான் அடிச்சா பாட்டு" என்கிறாள். ஓட்டு போட்டோம். ஹாரன் ஜெயித்துவிட்டது.

பெரிய செய்தி. பிப்ரவரியில் ஆண்டு விழா. எப்போதும் பரதநாட்டியம், பேச்சு, ஒரு கோலாட்டம். தனம் மேடம் தலைமையாசிரியையிடம் போய், "ப்ளஸ் ஒன் புள்ளைங்க ஒரு பாட்டு வச்சிருக்காங்க மேடம், கேட்டுப் பாருங்க" என்று சொல்லியிருக்கிறார்கள். துவைக்கும் இடத்துக்கே தலைமையாசிரியை வந்து நின்றார்கள். புடவையில் தண்ணீர் தெறித்தது. எங்களுக்கு உயிரே இல்லை. முடிந்ததும், "கல்லை மேடைக்கு யார் தூக்குவீங்க?" என்று மட்டும் கேட்டார்கள். தூக்குவதற்கு நாற்பது பேர் கையைத் தூக்கினோம்.

மூன்று பாட்டு பாடப்போகிறோம். லப்பைக்குடிக்காடு, அகரம்சீகூர், கடைசியில் பாலக்கரை. முடிவு உனக்கே தெரியாது என்றாய். அதனால் நாங்களே ஒன்று போட்டுக்கொண்டோம். என்ன என்று சொல்ல மாட்டேன்.

வார்த்தையை மாற்றியதற்குக் கோபப்படாதே. அவள் கதவைத் திறக்கச் சொல்லிச் சண்டை போடுகிறாள் என்று எழுதியது நீதான். எங்கள் கதவு மணிதானே.

நந்தினி


லப்பைக்குடிக்காடு
2 ஜனவரி 2025

நந்தினிக்கு,

புது வருஷ வாழ்த்து எல்லாம் கிடையாது.

லீவு ஆரம்பித்த அன்றே உங்கள் அம்மா நம்பருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். அதற்காக மூச்சுகூடச் சத்தமாக விடாமல், போனைப் பிடித்த கை மரத்துப்போக பெரம்பலூர் வரை வந்தேன். அம்மா இருமினால் அவள் வாயைப் பொத்தினேன். நீ பார்த்தாய். நீல டிக் விழுந்தது. ஆனால் அந்த மைக் குறி கடைசி வரை நீலமாகவில்லை. லீவு முழுக்க ஒரு நாளைக்குப் பத்துத் தடவை பார்த்தேன். நீ கேட்கவே இல்லை. போன் போட்டால் உங்கள் அம்மா எடுத்து, "அவ குளிக்கப் போயிருக்கா கண்ணு" என்கிறார்கள். எத்தனை தடவைடீ குளிப்பாய்?

ஆறு மாதம் எழுதியிருக்கிறேன். எனக்கு ஒருத்தி இருக்கிறாள், அவளும் கேட்டுவிட்டால் இந்த ஆல்பம் நிஜம் என்று நினைத்தேன். இங்கே அம்மாவுக்கு அது தலைவலி, அண்ணனுக்கு அது சத்தம். உனக்கு மட்டும்தான் எழுதினேன். நீ என் பாட்டை எடுத்துக்கொண்டாய், என்னை விட்டுவிட்டாய். ஊரை விட்டுப் போனபோதும் இதைத்தான் செய்தாய்.

இனிமேல் எழுத மாட்டேன்.

ஃபர்ஹா


குரும்பலூர்
10 ஜனவரி 2025

ஃபர்ஹா,

முழுக்கப் படித்துவிட்டுக் கிழி.

லீவில் ஒவ்வொரு ராத்திரியும் அந்தப் போன் என் கையில்தான் இருந்தது. விரல் அந்த முக்கோணத்துக்கு மேலேயே நின்றது. அமுக்கவில்லை. பயம்டீ. கேட்டால் அதுதான் சரி, எங்களுடையது தப்பு என்று ஆகிவிடும். இங்கே நாற்பது பேர் இருக்கிறார்கள். ஒருத்திகூட அந்த ஆல்பத்தைக் கேட்டதில்லை. எல்லோருக்கும் நீ எழுதியதுதான் பாட்டு. நான் மட்டும் போய் நிஜத்தைக் கேட்டுவிட்டு வந்து அவர்கள் நடுவே நின்றால், என் முகமே காட்டிக்கொடுத்துவிடும். லாவண்யா பாஆஆம் என்பாள், நான் "அங்கே இப்படி இல்லை" என்று நினைப்பேன். பிறகு எங்கே பாடுவது?

உன்னை விடவில்லை. நீ எழுதியதை அவ்வளவு நம்பினேன். அதற்கு மேல் எதையும் கேட்கத் தோன்றவில்லை. குளிக்கப் போனேன் என்று அம்மாவைச் சொல்லவைத்தது தப்பு. உன்னிடம் நானே சொல்லத் தைரியம் வரவில்லை.

விழா பிப்ரவரி 15. நீ வராவிட்டால் நான் மேடை ஏற மாட்டேன். லாவண்யாவிடமும் சொல்லிவிட்டேன். அவள் என்னைத் திட்டுகிறாள்.

நந்தினி


லப்பைக்குடிக்காடு
26 ஜனவரி 2025

நந்தினி,

எழுத மாட்டேன் என்றவள் எழுதுகிறேன். சொல்ல வேறு ஆள் இல்லை.

சிடி போய்விட்டது.

மாமா வீட்டுக் கல்யாணம் வருகிறது, சொந்தக்காரர்களை ஏற்றிப்போகணும் என்று அத்தா திரை வைத்த புது பிளேயர் வாங்கிவிட்டார். என்னிடம் சொல்லவில்லை, எனக்கு ஆச்சரியமாக இருக்கட்டும் என்றாராம். பஞ்சநாதன் பழையதைக் கழற்றி, பிளேடைப் போட்டு நெம்பியிருக்கிறார். படக் என்று இரண்டாக உடைந்துவிட்டது. அந்தத் துண்டுகளை ஒரு துணியில் சுற்றிக் கொண்டுவந்து கொடுத்தார். "தெரியாம போச்சு பாப்பா" என்றார். பாவம், அவரை என்ன சொல்வது?

அதன் மேல் பேர் இருக்கும், தெரிந்துகொள்ளலாம் என்று ஒட்டவைத்துப் பார்த்தேன். ஒன்றும் அச்சடிக்கவில்லை. பச்சை மார்க்கரால் யாரோ ஒரு செடி வரைந்திருக்கிறார்கள். அவ்வளவுதான். யாரோ நாலு பேர் வீட்டில் பாடிப் பதிந்து, கையால் செடி போட்டுக் கொடுத்த சிடி. அந்தப் பாட்டின் முடிவு இனி யாருக்கும் கிடையாது.

நான் சாப்பிடவில்லை. அத்தா, "நூறு சிடி வாங்கித் தரேன் புள்ள, வா சாப்பிடு" என்று தட்டை எடுத்துக்கொண்டு பின்னாலேயே வந்தார். மறுநாள் பெரம்பலூர் போனோம். கார் அமைதி. அகரம்சீகூர் திருப்பத்தில் ஹாரன் அடித்துவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்து, "இங்கனதானே அந்த டக் டக்கு வரும்?" என்றார். அத்தனை நாளும் அவரும் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறார்!

நீ கேட்காதது நல்லதுதான் போலிருக்கிறது. என் போனில் எட்டரைப் பாட்டு இருக்கிறது. முடிவு உங்களிடம்தான் இருக்கிறது. நான் வருகிறேன். அத்தாவைக் கூட்டிக்கொண்டு வருகிறேன். ஆனால் ஒன்று, நன்றாக இல்லையென்றால் நன்றாக இல்லை என்றுதான் சொல்வேன்.

ஃபர்ஹா


குரும்பலூர்
2 பிப்ரவரி 2025

ஃபர்ஹா,

இரண்டு பேருக்கு அழைப்பிதழ் வைத்திருக்கிறேன். உன் அத்தாவுக்கானதில் தனம் மேடமே "ஜனாப் ரஹ்மத்துல்லா, லப்பைக்குடிக்காடு" என்று கையால் எழுதினார்கள். முன்வரிசையில் உட்காராதே, நனைந்துபோவாய். உடைந்த துண்டுகளைத் தூக்கிப்போடாதே.

எனக்குப் பயமாக இருக்கிறது. வேறு யார் கைதட்டாவிட்டாலும் பரவாயில்லை.

நந்தினி


லப்பைக்குடிக்காடு
16 பிப்ரவரி 2025

என் நந்தினி,

நேற்று உன்னிடம் ஐந்து நிமிடம்கூடப் பேச விடவில்லை. மணி அடித்துவிட்டார்கள். அதனால் இதோ, மேடையிலிருந்து உனக்குத் தெரியாததை எல்லாம் எழுதுகிறேன்.

நாங்கள் நான்காவது வரிசை. அத்தா வெள்ளைச் சட்டை, அத்தர் எல்லாம் போட்டு வந்தார். பரதநாட்டியம், பேச்சு, கோலாட்டம் எல்லாவற்றுக்கும் மரியாதையாகக் கைதட்டினார். அப்புறம் நீங்கள் கல்லைத் தூக்கிக்கொண்டு வந்தீர்கள். எனக்குப் பின்னால் ஒரு அம்மா, "என்னாங்க இது, மேடையிலயா துவைக்கப்போறாளுவோ?" என்றது. சிரிப்பு. எனக்கு அவமானமாக இருந்தது. இது நடக்க வேண்டாமே என்று துஆ கேட்டேன்.

டும்... டும் டக்... டும் டும் டக் டக்.

நந்தினி, நான் எழுதிய டும் அப்படி இல்லவே இல்லை. அந்த சிடியில் இருந்தது இவ்வளவு பெரிசு இல்லை. நாற்பது ஈரப் போர்வை விழுந்ததும் நாற்காலி என் கீழே அதிர்ந்தது. சிறப்பு விருந்தினர் மேல் தண்ணீர் தெறித்தது. அவர் துடைக்காமல் பார்த்துக்கொண்டிருந்தார். "எம் மனசுக்கு மணி யாருடி" என்று நீங்கள் கேட்டபோது, பந்தலில் இருந்த அத்தனை ஹாஸ்டல் பெண்களும் எழுந்துவிட்டார்கள். அந்த அம்மா சிரிப்பை நிறுத்திவிட்டது.

இரண்டாவது பாட்டில் எல்லாம் நின்றது. ஒரு மூச்சு. உன் லாவண்யா ஒரு அடி முன்னால் வந்து பாஆஆம் என்றாள். எங்கள் அத்தா சடாரென்று எழுந்து, சட்டைப்பையைத் தடவிச் சாவியைத் தேடினார். "எவனோ நம்ம கார எடுக்குறான் புள்ள!" என்றார். நான் அவர் கையைப் பிடித்து இழுத்து உட்காரவைத்து, "அத்தா, அது நீங்கதான்" என்றேன். முழுக் கதையையும் காதில் சொன்னேன். லாவண்யா இரண்டாவது தடவை அடித்தபோது அவர் பக்கத்து ஆளின் தொடையைத் தட்டி, "இது என் ஹாரனுங்க, அகரம்சீகூர் திருப்பம்" என்றார்.

அப்புறம் பாலக்கரை. நீ தனியாகக் கூப்பிட ஆரம்பித்தாய். உனக்கு இந்தக் குரல் எப்போது வந்தது? அந்த அக்கா யாரையோ கூப்பிட்டாள். நீ யாரைக் கூப்பிட்டாய் என்று எனக்குத் தெரியும். ஒவ்வொருவராகச் சேர்ந்தார்கள். ஏறியது, ஏறியது. சாவி திருகும் இடம் வந்தது. என் உடம்புக்கே தெரிந்தது. கண்ணை மூடிக்கொண்டேன். இங்கேதான் நிற்கும்.

நிற்கவில்லை.

அடி மட்டும் நின்றது. ஒருத்தி கத்தினாள், "வேப்பந்தட்டை!" டக். "தா.பழூர்!" அது நீ. டக். குன்னம், செந்துறை, உடையார்பாளையம், ஆலத்தூர், அவரவர் ஊரை அவரவர் சொன்னார்கள். ஒவ்வொரு ஊருக்கும் கூட்டத்தில் யாரோ ஓர் அப்பா விசில் அடித்தார். நாற்பது ஊரும் முடிந்தது. முடிந்துவிட்டது என்று நினைத்துக் கைதட்டக் கையைத் தூக்கினேன். நாற்பது பேரும் சேர்ந்து, கல் உடைகிற மாதிரி ஒரே அடி அடித்து, "லப்பைக்குடிக்காடு!" என்றீர்கள்.

உங்கள் அறையில் எங்கள் ஊர்க்காரி ஒருத்தியும் கிடையாது என்று எனக்குத் தெரியும்.

அத்தா அழுதார்டீ. "நம்ம ஊரு பேரை மேடையில சொல்லிட்டாளுவோ" என்று அதையே திரும்பத் திரும்பச் சொன்னார். நான் அழவில்லை. எழுந்து நின்று, என் உயரம் முழுக்க நின்று கைதட்டினேன். என் பாட்டு என்று இத்தனை நாள் சொல்லிக்கொண்டிருந்தேன். இப்போதும் அப்படித்தான் சொல்வேன். ஆனால் முடிவு உன்னுடையது, அதைக் கேட்கத்தான் நான் குரும்பலூர் வரை வரவேண்டியிருந்தது.

நன்றாக இல்லையென்றால் சொல்வேன் என்றேன் அல்லவா? ஒரு குறையும் இல்லை. ஒரே ஒரு இடம் தவிர. குன்னம் பாட்டை ஏன் விட்டீர்கள்?

புறப்படும்போது உங்கள் மதில் ஓரத்தில் அத்தா வண்டியை மெதுவாக்கினார். எதிரே லாரி இல்லை, கோழிகூட இல்லை. என்னைப் பார்த்தார். நீளமாக ஒரு ஹாரன் அடித்தார். உங்களுக்குக் கேட்டதா?

ஃபர்ஹா


குரும்பலூர்
23 பிப்ரவரி 2025

ஃபர்ஹா,

கேட்டதாவா?

சாப்பாட்டு ஹாலில் இருந்தோம். பேசக் கூடாத இடம். எல்லோரும் தட்டைப் பார்த்துக்கொண்டு இட்லியைப் பிய்த்துக்கொண்டிருந்தோம். வெளியே உங்கள் அத்தாவின் ஹாரன் கேட்டது. லாவண்யா எழுந்தாள். யாரும் யாரையும் பார்க்கவில்லை. நாற்பது பேரும் ஒரே குரலில் பாஆஆம் என்று திருப்பி அடித்தோம். ஜன்னல் கண்ணாடி ஆடியது. தனம் மேடம் வாசலில் நின்றிருந்தார்கள். "சாப்பிடுங்க, சாப்பிடுங்க" என்றார்கள். திட்டவில்லை. முந்தானையால் வாயை மூடிக்கொண்டு போனார்கள்.

சிறப்பு விருந்தினர் எங்கள் தலைமையாசிரியையிடம், இது எந்த நாட்டுப் பாட்டு என்று கேட்டாராம். "லப்பைக்குடிக்காட்டுப் பாட்டு சார்" என்றார்களாம் தலைமையாசிரியை. எங்கள் அறையில் இதைச் சொல்லிச் சொல்லி நடந்துகொண்டிருக்கிறோம், தலை கூரையில் இடிக்காத குறை.

இப்போது எனக்குப் பயம் இல்லை. எங்கள் பாட்டு மேடை ஏறிவிட்டது, இனி எதைக் கேட்டாலும் அது கலையாது. பரீட்சை முடிந்ததும் ஏப்ரலில் உங்கள் வீட்டுக்கு வருகிறேன். இந்தத் தடவை பால்காரருக்கு முன்னால் உனக்குச் சொல்கிறேன். நான் முன்சீட்டில் உட்காருவேன். உன் போனைப் புது பிளேயரில் போடு. அத்தா பிஸ்மில்லாஹ் சொல்லிச் சாவியைத் திருகட்டும். எட்டரைப் பாட்டையும் ஒவ்வோர் ஊராகக் கேட்டுக்கொண்டே வருகிறேன். குன்னத்தில் நீ சொல்வது சரிதானா என்று பார்க்கிறேன்.

பாலக்கரையில் உன் போனில் பாட்டு நின்றுபோகும். அத்தாவிடம் சொல்லிவை, அங்கே வண்டியை நிறுத்த வேண்டாம். குரும்பலூர் ரோட்டில் திருப்பச் சொல். மிச்சத்தை நாம் பாடலாம்.

நந்தினி